மெர்சி பரீட்சைக்குப் போன அன்னைக்கு

அடுக்களைத் தரையில கிடக்கேன். உடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது. கை வெடவெடன்னு ஆடுது. போன் பிரிட்ஜ் மேல இருக்கு, எட்டல. வீட்ல ஒரு ஆளு கிடையாது. போன வருஷம் நோம்பு மாசத்துக்கு முந்தின வாரம், அஜ்மான்ல என் மக வீட்ல எனக்கு வந்த நெலம இது. இன்னைக்கு இத உங்களுக்குச் சிரிச்சுக்கிட்டு சொல்லுதேன்னா அது ஆண்டவரோட இரக்கம். எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச நம்ம சபை சாந்திதான் இந்தச் சாட்சிய எழுதுதா. "பாட்டி, கொஞ்சம் மெதுவா"ங்கா. சந்தோசத்துல வாய் நிக்கல, நான் என்ன செய்ய?

என் மக மெர்சியப் பத்தி முதல்ல சொல்லணும். நாங்க தூத்துக்குடி பக்கம் கடக்கர ஊரு. பன்னெண்டாவது முடிச்ச கையோட நர்சுக்குப் படிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அவ அப்பா கேக்கல. நானும் வாயத் தொறக்கல. கட்டிக் குடுத்துட்டோம். மாப்பிள்ளை தங்கமானவரு, கப்பல்ல வேல, பாதி வருஷம் கடல்லதான். இங்க வந்து ஒரு கிளினிக்ல பைல் எடுத்துக் குடுக்கது, ஆளப் பேர் சொல்லிக் கூப்பிடுததுன்னு அவ காலம் ஓடிச்சு. நாப்பத்தோரு வயசுல ஒரு நாள் வந்து நிக்கா, "எம்மா, நர்சிங் காலேஜ்ல சேந்துட்டேன்"னு.

ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "மகளுக்கு மாப்பிள்ளை பாக்குத வயசுல பரீட்சையா, மெர்சி?"ன்னு ஒருத்தி. காலேஜ்ல கூடப் படிக்குத பிள்ளைங்க 'ஆன்ட்டி'ன்னு கூப்பிட்டுச்சாம். வீட்ல என் பேத்தி, "மம்மி, ஹோம்வொர்க் முடிச்சாச்சா? டிவி அப்புறம்தான்"னு அதட்டுவா. மெர்சி சிரிச்சுட்டுப் போயிருவா.

கட்டுப் போட்டுப் பழகுததுக்கு நான்தான் ஆளு. ஒரு நாள் தலையில இருந்து தோள் வரைக்கும் துணியச் சுத்திட்டா. அந்நேரம் பாத்து பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மா கறிவேப்பில கேட்டு வந்து, என்ன ஆச்சோன்னு பயந்து, "ஐயோ, எந்தா பற்றியது?"ன்னு கத்தி அழுதுட்டாங்க. ஆமா, நான் கதைய விட்டு எங்கயோ போறேன்.

நாலு வருஷம் படிச்சா. கடைசில ஒரு செய்முறைப் பரீட்சை. அதுல முதல் தடவ பெயில். கை நடுங்கிருச்சாம். இன்னொரு தடவதான் குடுப்பாங்க. அதுலயும் போச்சுன்னா அந்த வருஷம் முழுக்க திரும்பப் படிக்கணும். "இனிமே என்னால முடியாதும்மா. இதோட கலாஸ், முடிஞ்சுது"ன்னு படுத்துட்டா. நான் என்ன செய்வேன்? அவ புஸ்தகத்துல ஒரு எழுத்து எனக்குத் தெரியுமா? வாய் தொறக்க வேண்டிய அன்னைக்குத் தொறக்காத பாவி நான். இப்பத் தொறந்தும் பிரயோசனம் இல்ல.

அப்பத்தான் உபவாசம் இருக்க முடிவு பண்ணுனேன். மூணு நாளு. பரீட்சை அன்னைக்கோட முடியும்.

எனக்கு சுகர் உண்டு. மெர்சி தினம் ராத்திரி மாத்திர அட்டைய எடுத்து எண்ணிப் பாப்பா. ஒண்ணு மிஞ்சினாலும் ஏச்சுதான். அதனால மாத்திரையப் போட்டுக்கிட்டேன். சாப்பாட்ட மட்டும் விட்டுட்டேன். இட்லிய ஒரு கவர்ல கட்டி குப்பையில ஒளிச்சேன். மாத்திர சாப்பாட்டுல சேராதுல்லன்னு எனக்கு ஒரு நெனப்பு. இப்பிடி ஒரு புத்திசாலிய நீங்க பாத்திருக்கீங்களா?

மூணாவது நாள் காலைல பேத்தி ஸ்கூல் பஸ்ல போயிட்டா. மெர்சி யூனிபார்ம் போட்டுட்டு வந்தா. தலையில கை வச்சு ஜெபிச்சு அனுப்பினேன். துபாய்க்குப் போகணும், அந்த ரோட்டு நெரிசல் உங்களுக்குத் தெரியும். அவ போயி பத்து நிமிஷத்துல எனக்குக் கண்ணு இருட்டிச்சு. விழுந்துட்டேன்.

நாக்கு புரளல. மனசுக்குள்ளதான் கேட்டேன். என்னக் காப்பாத்தும்னு கேக்கல, சத்தியமா. "ஆண்டவரே, எனக்கு என்ன ஆனாலும் சரி. எம்பிள்ள மட்டும் திரும்பி வந்துரக் கூடாது. அவ பரீட்சைக்குப் போயிரணும்." இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

கதவு தொறக்குத சத்தம். மெர்சி!

நர்சுங்க சட்டையில நெஞ்சுல குத்துவாங்கல்ல, தலகீழாத் தொங்குத வாட்ச்சு, அத மறந்துட்டாளாம். பஸ் ஸ்டாப்ல நிக்கும்போதுதான் பாத்திருக்கா, அத எடுக்கத் திரும்பி வந்தவ.

"எம்மா! முழுங்க முடியுதா? என்னப் பாரு, முழுங்கு." விரல்ல குத்திப் பாத்தா. சுகர் நாப்பத்தெட்டு, ரொம்ப இறங்கிருச்சு. சீனியக் கரைச்சு மடக்கு மடக்காக் குடுத்தா. கொஞ்சம் நாக்கு அசைஞ்ச உடனே நான், "போடி! யல்லா, போ! பஸ் போயிரும்"னு அழுதேன். அவ அசையல. பேப்பர்ல மணிய எழுதுதா. "பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்காம போகக் கூடாதும்மா."

"அது ஆஸ்பத்திரிச் சட்டம்ட்டி! நான் ஒன் அம்மைல்லா?"

"அதனாலதான் வாய மூடிட்டு இருன்னு சொல்லுதேன்."

அந்தப் பதினஞ்சு நிமிஷம் எனக்குப் பதினஞ்சு வருஷம். திரும்பக் குத்தினா, ஏறியிருந்துச்சு. சோறு ஊட்டினா. குப்பையில இட்லியப் பாத்துட்டா. ஒரு வார்த்த ஏசல. அதுதான் எனக்குத் தாங்கல. மலையாளத்து அம்மாவக் கூப்பிட்டு பக்கத்துல உக்கார வச்சுட்டு ஓடுனா.

சாயங்காலம் வரைக்கும் போன் இல்ல. முழங்கால் போடக்கூடத் தெம்பில்ல. என்னால எம்பிள்ள படிப்பு கெட்டுச்சுன்னு மட்டும்தான் நெனப்பு. ஜெபிக்க வார்த்த வரல, கண்ணீர்தான் வந்துச்சு.

அங்க நடந்தது சாயங்காலம் அவ சொல்லித்தான் தெரியும். ஒரு மணி நேரம் லேட்டு. கதவு சாத்தியாச்சு. பரீட்சை நடத்துத அரபி மேடம் ஒருத்தங்க வந்து ஏன் லேட்டுன்னு கேட்டிருக்காங்க. இவ நடந்ததச் சொன்னா. "எவ்வளவு இருந்துச்சு? ரெண்டாவது தடவ பாத்தியா? அதுக்கப்புறம் என்ன குடுத்த?" இவ அந்தப் பேப்பர நீட்டிருக்கா. மேடம் படிச்சாங்க. "பரீட்சை இருக்குன்னு தெரிஞ்சுமா பதினஞ்சு நிமிஷம் உக்காந்திருந்த?"

"ஆமா மேடம்."

அந்தப் பேப்பரோட உள்ள போயிட்டாங்களாம். மூணு மணி நேரம் வெளிய நாற்காலியில இவ உக்காந்திருந்தா. கடைசி ஆளா கூப்பிட்டாங்க. கை நடுங்கலையாம், கொஞ்சம் கூட நடுங்கலையாம்! நடுங்க வேண்டியது எல்லாத்தையும் காலைல வீட்லயே நடுங்கியாச்சுன்னு சொல்லுதா.

பாஸ். அதுக்கப்புறம் லைசென்சு பரீட்சையும் பாஸ். இப்ப மெர்சி ஆஸ்பத்திரியில ஸ்டாப் நர்சு, வயசு நாப்பத்தாறு. முதல் நாள் டூட்டி முடிஞ்சு வந்து செருப்பக் கூட கழட்டாம என் மடியில தல வச்சுப் படுத்தா. "கால் வலிக்குதும்மா"ன்னா. அவ்வளவு சந்தோசமா கால் வலின்னு சொன்னவள நான் பாத்ததே இல்ல.

இப்பவும் நான் ஜெபிக்கேன், வயித்துக்குச் சாப்பிட்டுட்டு. சுகர் மாத்திர போடுத அக்காமாரே, டாக்டர்ட்டக் கேக்காம உபவாசம் இருக்காதீங்க. எந்த வயசுல உங்க வீட்ல ஒருத்தி படிக்கணும்னு வந்தாலும், என்ன மாதிரி வாய மூடிட்டு இருக்காதீங்க.

அப்புறம் ஒண்ணு. எப்பிடிக் கேக்கன்னு தெரியலன்னு ஜெபிக்காம இருந்திராதீங்க. அவ திரும்பி வரக் கூடாதுன்னுதான் நான் கேட்டேன். அவரு திருப்பி அனுப்புனாரு. நான் கேட்டது கிடைச்சிருந்தா என் மக அன்னைக்குப் பரீட்சைய முடிச்சுட்டு, சாயங்காலம் வந்து என் பொணத்தப் பாத்திருப்பா. தப்பாக் கேட்டாலும் பரவாயில்ல, கேளுங்க. திருத்திக் கேட்டுக்கிட அவருக்குத் தெரியும்.