ஆளில்லாத கோல்

எலெக்ட்ரேனாய் ஊரின் ஏரி எந்தக் குளிரிலும் உறையாது. மின்நிலையம் தன் வெந்நீரையெல்லாம் அதில்தான் கொட்டுகிறது. அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சறுக்கிப் பழக அரங்கை விட்டால் வேறு பனி கிடையாது. ரிம்காவ்தாஸும் அந்த அரங்கில்தான் பழகினார். ஊரில் அவரை ரிமாஸ் என்றே கூப்பிடுவார்கள். டர்பைன் கூடத்தில் ஷிஃப்ட் வேலை. ஷிஃப்ட் இல்லாத நேரமெல்லாம் பையன்களுக்கு ஐஸ் ஹாக்கி. லிதுவேனியா முழுக்கக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்து அலைந்தபோது ஹாக்கியைக் கட்டிக்கொண்டு அழுதது இந்த ஒரு ஊர்தான்.

மனைவி அயர்லாந்துக் காளான் பண்ணைக்கு ஒரு பருவம் மட்டும் வேலை என்று போனவள். அங்கேயே தங்கிவிட்டாள். ரிமாஸ் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. மகள் ஜிவிலே அரங்கின் காலி இருக்கைகளில் கோட்டைப் போர்த்திக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தாள். பிறகு கவுனாஸ் போய் வெப்பப் பொறியியல் படித்தாள்.

பையன்களை அவர் திட்டியதில்லை. தப்பு செய்தவனை ஓரமாகக் கூப்பிட்டு, இப்போது என்ன நடந்தது என்று நீயே சொல் என்பார். சொல்லி முடிப்பதற்குள் பையனுக்கு அழுகை வந்துவிடும். அவர் தலைக்கவசத்தில் ஒரு தட்டு தட்டி மறுபடி ஆட அனுப்புவார். நாட்டின் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணியை அவரிடம் கொடுத்தபோது அதில் பாதிக்கு மேல் அவரிடம் பழகியவர்களாகவே இருந்தார்கள்.

அந்த வயதுக்கான உலகப் போட்டி படிப்படியாக நடக்கும். ஒவ்வொரு படியிலும் ஆறு நாடுகள். முதலில் வருகிற நாடு அடுத்த வருடம் மேல் படிக்குப் போகும், கடைசியாக வருவது கீழே இறங்கும். ரிமாஸின் பையன்கள் ஒரு வசந்தத்தில் ஒரு படி ஏறினார்கள். அடுத்த வசந்தத்தில் அங்கே தங்குவதுதான் அவர் வேண்டியதெல்லாம். மேல் படியில் ஆடினால்தான் ரீகாவிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் கிளப்புக்காரர்கள் பையன்களைப் பார்க்க வருவார்கள். கீழ்ப் படிக்கு ஒரு நாய்கூட வராது. அணியில் ஆறு பேருக்கு இன்னும் ஒரு வருடம் வயது பாக்கி இருந்தது. கோல்கீப்பர் நேதாஸிடம் ஒரு பின்லாந்துக்காரர் கை குலுக்கி, அடுத்த வருடமும் இதே படியில் உன்னைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பார்க்காவிட்டால் அவனுக்கும் காளான் பண்ணைதான். இல்லையென்றால் நார்வே மீன் ஆலை. ரிமாஸுக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். அதில் போனவர்கள் திரும்பியதில்லை.

போட்டி அந்த முறை எஸ்தோனியாவில். கடைசி நாளுக்கு வரும்போது இறங்கப்போவது லிதுவேனியா அல்லது போட்டியை நடத்தும் எஸ்தோனியா என்று ஆகியிருந்தது. மாலையில் லிதுவேனியாவுக்கு குரோஷியாவுடன் ஆட்டம். வழக்கப்படி, நடத்துகிறவர்களின் ஆட்டம் எல்லாவற்றுக்கும் கடைசியில், அவர்களுக்கு ஹாலந்து. ஹாலந்து எல்லாரையும் ஜெயித்து மேலே போவது முந்தைய நாளே உறுதியாகிவிட்டது.

காலையில் ஹோட்டலில் கருப்பு ரொட்டியைப் பிய்த்தபடி ரிமாஸ் துணைப் பயிற்சியாளர் அல்பினாஸுக்குக் கணக்கைச் சொன்னார். அறுபது நிமிடத்துக்குள் ஜெயித்தால் மூன்று புள்ளி. சமமாகிக் கூடுதல் நேரத்தில் ஜெயித்தால் இரண்டுதான், அதில் தோற்றாலும் ஒன்று உண்டு. இரவு எஸ்தோனியா ஒரு புள்ளிகூட எடுக்காவிட்டால் இரண்டே போதும். ஒன்று எடுத்துவிட்டால் மூன்று வேண்டும்.

"ஒண்ணு எடுத்துருவாங்க," என்றார் ரிமாஸ். "ஹாலந்து இன்னிக்குத் தூங்கிக்கிட்டே ஆடும். நல்ல கீப்பரை உக்கார வெச்சுட்டு, வாரம் பூரா பெஞ்சைத் தேய்ச்ச பையனை நிறுத்துவாங்க. போன வருஷம் நாம செய்யலையா?"

"நாம செஞ்சோம். நம்ம புத்தி அப்படி," என்றார் அல்பினாஸ். "அவங்க டச்சுக்காரங்கப்பா. டீ ஊத்தினாலே சொட்டு எண்ணுவாங்க."

ரிமாஸ் சிரிக்கவில்லை. போன வருடம் மேலே போவது உறுதியானதும் அவரும் அதைத்தான் செய்திருந்தார். கடைசி ஆட்டத்தில் முக்கியமான பையன்களுக்கு ஓய்வு கொடுத்து, நடத்திய நாட்டுக்கு ஆட்டத்தை விட்டுக்கொடுத்த மாதிரி தோற்றார். அந்த ஊர்க்காரர்கள் சந்தோஷத்தில் இவர்களுக்கு விருந்தே போட்டார்கள். ஹாக்கியில் அது ஒரு மரியாதை. எல்லாரும் செய்வார்கள் என்று அவர் நம்பினார்.

மாலை ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. நேதாஸ் அன்று வேறு யாரோ போல் இருந்தான். குரோஷியாக்காரர்கள் எங்கிருந்து அடித்தாலும் வட்டு அவன் கையுறைக்குள்தான் போய் உட்கார்ந்தது. கடைசி நிமிடம் ஓடியது. ரிமாஸ் தடுப்புப் பலகை மேல் ஏறி நின்று கையைத் தூக்கினார்.

கோல்கீப்பரை வெளியே கூப்பிட்டு அவன் இடத்தில் இன்னொரு தாக்குபவனை இறக்குவது தோற்றுக்கொண்டிருப்பவன் செய்கிற வேலை. சமமாக இருக்கும்போது யாரும் செய்வதில்லை. நேதாஸ் பார்த்தான், ஆனால் நகரவில்லை. ரிமாஸ் பலகையை ஓங்கித் தட்டினார். அவன் வேகமாகச் சறுக்கி வந்தான்.

"கோச், சமம்தான் கோச்."

"தெரியும். ஏறு."

ஆறாவது பையன் பலகையைத் தாண்டிக் குதித்தான். குரோஷியாவின் கோல் முன்னால் ஆறு பேர். வட்டு கைமாறி மாறிச் சுற்றியது. ஒரு பாஸ் மட்டை நுனியில் துள்ளித் தவறியது. குரோஷியாவின் தடுப்புக்காரன் ஒருவன் குறியெல்லாம் பார்க்கவில்லை, தொல்லை விட்டால் போதும் என்று இழுத்து அடித்தான். வட்டு மெதுவாகத்தான் போனது. ஒரு பையன் அதைத் துரத்தினான். நேதாஸ் பெஞ்சில் எழுந்து நின்று பார்த்தான். ஆளில்லாத கோலுக்குள் அது போய்ச் சேர்ந்தபோது ஒரு சத்தம்கூட வரவில்லை.

பரிசளிப்புக்கு ஆறு அணிகளும் நிற்க வேண்டும் என்பது விதி. அதனால் பஸ் கிளம்ப முடியாது. தோற்ற பையன்கள் ஈரத் தலையோடு மேல் வரிசையில் உட்கார்ந்து இரவு ஆட்டத்தைப் பார்த்தார்கள். ரிமாஸ் சொன்னது அப்படியே நடந்தது: ஹாலந்து நல்ல கோல்கீப்பரை உட்காரவைத்துவிட்டு, வாரம் முழுக்க ஆடாத பையனை நிறுத்தியது. அந்தப் பையனுக்குக் கிடைத்த ஒரே ஆட்டம் அது. தன் உயிரே அந்த வலைக்குள் இருப்பது போல் அவன் ஆடினான். ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஹாலந்து ஐந்து கோல் போட்டது.

எஸ்தோனியாக்காரர்கள் ஐந்து கோல் வாங்கித் தோற்றுவிட்டு, கீழே இறங்காமல் தப்பித்த சந்தோஷத்தில் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவர்களுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை.

"ரெண்டு போதுமா இருந்துருக்கு," என்றார் அல்பினாஸ். பிறகு அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். காபி வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வரவில்லை.

பஸ்ஸில் ரிமாஸ் முன் இருக்கையில் இருந்தார். ஊர் போய்ச் சேரும் வரை அவர் ஒரு முறையும் பின்னால் திரும்பவில்லை. அவரைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று நீயே சொல் எனக் கேட்க ஆளில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒருவேளை அழுதிருப்பார். ஊருக்குள் வந்ததும் பையன்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். நேதாஸ் மட்டும் படியில் நின்று, வர்றேன் கோச் என்றான். அதற்கும் அவர் தலையைத்தான் அசைத்தார்.

அடுத்த வாரமே பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டார். யாரும் வற்புறுத்தவில்லை. கேலி மட்டும் நிற்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி சில்லறை கொடுக்கும்போது, "ரிமாஸ், வீட்டுக் கதவைச் சாத்திட்டு வந்தியா, இல்ல யாராவது உள்ள வரட்டும்னு விட்டுட்டு வந்தியா?" என்பாள். டர்பைன் கூடத்தில் அவர் ஷிஃப்ட் தொடங்கும்போது யாராவது ஒருவன், "ரிமாஸ் வந்தாச்சு, எவனாச்சும் வாசல்ல போய் நில்லுங்கடா" என்று குரல் கொடுப்பான். மனசில் வன்மம் வைத்துச் சொன்னதில்லை. அவரும் சேர்ந்து சிரிப்பார். அரங்குப் பக்கம் மட்டும் போவதில்லை. கடைக்கும் வேலைக்கும் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்.

பின்லாந்துக்காரர் மறுபடி வரவில்லை. வயது பாக்கியிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் அடுத்த கோடைக்குள் ஊரை விட்டார்கள். நேதாஸ் நார்வேயில் மீன் வெட்டப் போனான். அவன் அம்மா மாடிப்படியில் ரிமாஸைப் பார்த்தால் வணக்கம் சொல்வாள், முன்பு போலவே. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அணி அதன் பிறகு மேலே ஏறவே இல்லை.

இப்படிச் சில வருடங்கள் போயின. கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தபோது வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டியிருந்தது. ஜிவிலே வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். அப்பாவும் மகளும் அதிகம் பேசிக்கொள்கிறவர்கள் இல்லை. அவள் பீட்ரூட் சூப் வைத்தாள், அவர் இரண்டு கரண்டி சாப்பிட்டார். ஒரு மதியம் அவராகவே கேட்டார்.

"நீ கணக்குப் படிச்சவதானேம்மா. அன்னிக்கி நான் செஞ்சதைப் போட்டுப் பாரு."

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. ஆள் கூடினால் கோல் போட எவ்வளவு வாய்ப்பு, வாங்க எவ்வளவு வாய்ப்பு, கூடுதல் நேரத்தில் ஜெயிக்க எவ்வளவு, எஸ்தோனியாவுக்குப் புள்ளி கிடைக்க எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டாள். அவர் மீட்டர் படிப்பது போல் நிதானமாகச் சொன்னார். மருந்துக் கடை உறையின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். இரண்டு தடவை.

"ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்ப்பா. எதைச் செஞ்சிருந்தாலும் தப்பில்ல."

அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று அவள் நினைத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தப்புன்னாகூட ஒரு பிடிப்பு இருக்கும்," என்றார். "இப்ப அதுவும் இல்லைங்கிற."

நவம்பரில், இறந்தவர்களின் கல்லறைக்கு எல்லோரும் விளக்கேற்றப் போகும் நாட்களில், நேதாஸ் ஊருக்கு வந்தான். அவன் அப்பாவின் கல்லறைக்கு வந்தவன் ரிமாஸையும் பார்க்க வந்தான். தோள் அகன்று, கைகள் உப்பில் வெடித்து, பெரிய ஆளாகியிருந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நார்வேயில் மீனுக்கு இருக்கும் மரியாதை மனிதனுக்கு இல்லை என்றான். ரிமாஸ் கொஞ்சம் சிரித்தார். பிறகு கேட்டார்.

"உன்னை விட்டு வெச்சிருந்தா, கூடுதல் நேரத்துல தாங்கியிருப்பியா?"

நேதாஸ் தன் கைகளைப் பார்த்தான். "இல்ல கோச். எனக்குக் கால் நடுங்கிட்டிருந்துச்சு. நீங்க கூப்பிட்டதும், அப்பாடா, தப்பிச்சோம்னுதான் இருந்துச்சு. நீங்க செஞ்சது சரிதான்."

ரிமாஸ் கையை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, வர்றேன் கோச் என்று சொல்லிவிட்டுப் போனான். ஜிவிலே வழியனுப்ப வாசல் வரை போனாள்.

அந்தக் காலத்து அடுக்குமாடி வீடு. சுவரெல்லாம் அட்டை. மாடிப்படியில் யார் தும்மினாலும் உள்ளே கேட்கும். ஜிவிலே மெதுவாகத்தான் கேட்டாள், நீ சொன்னது நிஜமா என்று.



"அன்னிக்கி ஒண்ணையும் விட்டிருக்க மாட்டேன்," என்றான் நேதாஸ். "விடிய விடிய ஆடியிருந்தாலும் விட்டிருக்க மாட்டேன். அவர்கிட்ட சொல்லிறாதே, என்ன?"

அவன் படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு கீழே கதவு சாத்தும் சத்தம். ஜிவிலே உள்ளே வந்து போர்வையை நேராக இழுத்துவிட்டாள். சூப் சூடாக்கவா என்று கேட்டாள்.

"வேணாம்மா," என்றார் ரிமாஸ். "அவன் நல்ல பையன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்குக் கேட்டிருக்கிறது என்று தெரிந்துபோனது. அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. பிறகு எதைப் பற்றியும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் இறந்தார். நேதாஸுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.