சகலையின் வெள்ளரித் தோட்டம்

என் சகலையைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லத்தான் பார்க்கிறேன், வாய் வரமாட்டேன் என்கிறது. என் மனைவியின் அக்காவைக் கட்டியவன். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரே வரப்பு. ஒரே வாய்க்கால் தண்ணீர், ஒரே மண். ஆனாலும் அவன் தொட்டதுதான் துலங்கும்.

அரசாங்கம் காய்கறி ஏற்றுமதித் தடையை எடுத்து, வெளிநாட்டு அரிசிக்கு வரியையும் நீக்கிய வருடம், அவன் நெல்லை விட்டுவிட்டு ஊறுகாய்க் கம்பெனிக்குச் சின்ன வெள்ளரி போட்டான். கம்பெனிக்காரர் ஓட்டை போட்ட தகட்டில் ஒவ்வொரு காயையும் நுழைத்துப் பார்ப்பார். நுழையாத காய் கழிவு. பறிப்பு ஒரு நாள் பிந்தினாலும் காய் பெருத்துவிடும். அவன் ஒரு நாளும் பிந்தியதில்லை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவன் மாடி கட்டினான். நான் நெல்லைக் கட்டிக்கொண்டு அழுதேன். கப்பலில் வந்த அரிசி கடைகளில் மலிவாகக் குவிந்ததும் என் நெல்லை ஏறிட்டுப் பார்க்க ஆளில்லை.

"அக்கா வீட்டுல இன்னொரு மாடி எழுப்புறாங்களாம்," என்பாள் மனைவி, என் தட்டில் சோற்றைப் போட்டபடி. அந்தச் சோறு எப்படித் தொண்டையில் இறங்கும்?

ஆறாவது வருடம் வயிற்றெரிச்சல் தாங்காமல் நானும் முழு வயலிலும் வெள்ளரி போட்டேன். சொட்டுநீர்க் குழாய் வாங்க, சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லோடு விதைநெல்லையும் வந்த விலைக்கு விற்றேன்.

"விதைநெல்ல யாராவது விப்பாங்களா?" என்றாள் மனைவி.

"கடையில அரிசி மலிஞ்சு கெடக்கு, போடி."

காய் நன்றாகவே வந்தது. அந்தச் சமயம் பார்த்து, நமக்கு அரிசி விற்ற நாட்டில் மழை பொய்த்தது. தங்களுக்கே போதாதென்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். பத்தே நாளில் கடைகளில் மூட்டைகள் காலி. ஊரில் மற்றவர்களும் நெல் போடுவதை எப்போதோ விட்டிருந்தார்கள். கையில் காசு இருந்தது, வாங்க அரிசி இல்லை. வெள்ளரிக்காயைப் பொங்கியா தின்ன முடியும்?

மறுநாள் காலை சகலை வந்தான். கையில் காலிச் சாக்கு.

"சகல, வீட்டுல ஒரு பொட்டு அரிசி இல்ல. ஒரு மூட்டை நெல்லு குடுங்க."

"வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூடவா நீங்க போடல?"

"பக்கத்துல நீங்க போடுறீங்கங்கற தைரியந்தான். இந்த வருஷம் நீங்களும் மாத்திட்டீங்க, பாத்தேன். ஆனா விதைநெல்லாவது வெச்சிருப்பீங்கல்ல? அத விக்கிற ஆளா நீங்க?"

அவன் என் வாசலில் வந்து கேட்டு நிற்க வேண்டும், நான் அள்ளிப் போட வேண்டும் என்றுதான் ஆறு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தேன். வந்து நின்றான். கொடுக்க என்னிடம் ஒரு பிடி நெல் இல்லை.