வேகாத டயர்

என் கணவருக்கு ஓரிடத்தில் உட்கார வராது. செங்கல்பட்டு பஜாரில், தேய்ந்த டயர்களின் மேல் புது ரப்பர் ஒட்டி அச்சில் வேகவைத்துத் தரும் கடை அவருடையது. நான் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. எழுபதுகளின் நடுவில், எங்களுக்குக் கல்யாணமான இரண்டாம் வருடம், அவருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயப் பைத்தியம் பிடித்தது.

மெட்ராஸுக்கு வடக்கே, யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்றில் அந்தப் பந்தயம் நடக்கும். இரண்டிரண்டு வண்டிகளாக நிறுத்துவார்கள். கொடி இறங்கியதும் நேர்க்கோட்டில் கால் மைல். முந்துகிறவருக்கு அடுத்த சுற்று. முதல் தடவை கொடி இறங்கியபோது இவருடைய பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிப் புகை கக்கியது. புகை அடங்குவதற்குள் பக்கத்து வண்டி பாதி தூரம் போயிருந்தது.

"டயருதான் கவுத்துடுச்சு" என்றார். வீடு வந்து சேரும்வரை அதையே சொன்னார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியலில் நான் படுத்திருந்ததே இல்லை. திருவிடந்தைக்குத் தெற்கே கடற்கரைச் சாலை கொஞ்ச தூரம் நேராக ஓடும். முதல் பஸ் வருவதற்குள் சவுக்குத் தோப்பிலிருந்து சாலையில் பறந்து விழுந்த மணலைத் துடைப்பத்தால் பெருக்கி, நூறடிக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவோம். தலைமையாசிரியையிடம் சொல்லாமல் எடுத்து வந்த பள்ளிக்கூடத்து ஸ்டாப்வாட்ச் என் கையில் இருக்கும். எவனாவது போய்ச் சொல்லிவிடுவானோ என்று சாலையின் இரு பக்கமும் பார்த்துக்கொண்டே நிற்பேன். ஆனால் அவர் கிளம்பும் சத்தம் கேட்டதும் பயம் மறந்துபோகும்.

மூன்று டயர்கள் மாற்றிப் பார்த்தோம். கட்டை கட்டையாகப் பூ வைத்த புது டயர்தான் படுமோசம். அந்தக் கட்டைகளே நெளிந்து வழுக்கின. வரி வரியாக இருந்தது பரவாயில்லை. கடையில் மூலையில் கிடந்த, பாதி தேய்ந்த பழைய டயர் அந்த இரண்டையும் தோற்கடித்தது. காற்றை இறக்க இறக்கப் பிடிப்பு கூடியது. பதினெட்டு பவுண்டில் நன்றாகப் போனது. பேராசையில் பதினாலுக்கு இறக்கினார். கிளம்பிய வேகத்தில் டயர் ரிம்மிலேயே சுற்றி, டியூபின் வால்வைப் பிய்த்துவிட்டது. அன்று திருப்போரூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தோம்.

டயர் பாதிதான், மீதி அவர் கை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"கிளட்சை ஏன் ஒரேயடியா வுடறீங்க?" என்றேன்.

"கொடி வுழுந்தப்புறம் பொறுமையா வுட்டுகினு இருக்க முடியுமா? நீ இன்னா பேசற!"

"என் பொண்ணுங்க ஓடறப்ப மொத அடிய நீட்டி வெச்சா வழுக்கிடும். சின்னதா வெச்சாதான் மண்ணு பிடி கொடுக்கும். வண்டிக்கும் அதானே?"

நான் டேப்பை எடுத்து, டயர் சாலையில் தேய்த்திருந்த கறுப்புக் கோட்டை அளந்தேன். இருபதடி. அடுத்த முறை பன்னிரண்டு, நேரம் குறைந்தது. கோடே விழாதபடி மெதுவாக விட்டபோது இன்ஜின் திணறி நேரம் கூடியது. கடைசியில், டாங்கின் மேல் நெஞ்சு படக் குனிந்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்தி அவர் கிளம்பியபோது கோடு ஆறடி. அதுதான் எங்களுடைய ஆகச் சிறந்த நேரம். சாலையில் நின்று கத்தினேன்.

அதோடு விட்டிருக்கலாம். பந்தயத்துக்கு மூன்று நாள் முன்பு, தானே மெத்தென்ற ரப்பர் போட்டு ஒரு டயர் செய்துகொண்டு வந்தார். "அழுத்திப் பாரு, வெண்ண மாதிரி கீது" என்றார். ஆறடி, நாலடியானது. முதல் சுற்றில் அவர் கிளம்பிய விதத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில், முக்கால் தூரத்தில், புது ரப்பர் பட்டையாக உரிந்து அவர் முதுகில் சாட்டைபோல் அடித்தது. வண்டி புல்லுக்குள் போய்ப் புரண்டது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது.

தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

"ரப்பரு வேகறதுக்கு முன்னாடியே அச்சத் தொறந்துட்டேன். இருப்பு கொள்ளல. அன்னிக்கு இன்னும் மூணு டயரு அப்பிடித்தான் எடுத்தேன். வித்துட்டேன் வேற."

மறுநாள் பள்ளிக்கு லீவு சொன்னேன். வண்டிக்குப் பழைய டயரை மாட்டி, அவரைப் பின்னால் உட்கார வைத்து, ஸ்கூட்டருக்கு மாற்று டயர் ஒன்றை அவர் மடியில் கொடுத்து, புடவையைச் செருகிக்கொண்டு நானே ஓட்டினேன். ஞாயிறு விடியல்களில் அந்தக் கடற்கரைச் சாலையில் வண்டியை நகர்த்தி நகர்த்திக் கற்றுக்கொண்டதுதான். ஒரு டயர் பஜாரிலேயே பால்காரரிடம் இருந்தது; திருப்பி வாங்கிக்கொண்டோம். இன்னொன்று மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறைச் சுவரில், வண்டியில் இன்னும் போடாமல் தொங்கியது; அதையும் எடுத்துக்கொண்டோம். மூன்றாவது, அணுமின் நிலையக் குடியிருப்பில் ஓர் ஊழியரின் ஸ்கூட்டரில்.

நாங்கள் போனபோது வீடு பூட்டியிருந்தது. "இப்பத்தான் பொஞ்சாதி, கொழந்தையோட மகாபலிபுரம் கெளம்பினாரு" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வந்த வழியே திரும்பினோம். எங்காவது விழுந்து கிடக்கிறார்களோ என்று வளைவுக்கு வளைவு ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

கடற்கரைப் பக்கம் நிழலில் அந்த ஸ்கூட்டர் நின்றிருந்தது. என் கணவர் குனிந்து டயர் ஓரத்தில் நகத்தை விட்டார். ஆரஞ்சுத் தோல்போல ரப்பர் எழும்பி வந்தது.

"யாருய்யா அது? என் வண்டில இன்னா பண்ற?" குழந்தையைத் தோளில் வைத்தபடி அந்த ஆள் வந்தார்.

வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். என் கணவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். அந்த ஆள் கத்தவில்லை. "என் கொழந்த முன்னாடிதான் நின்னுகினு வருது" என்று மட்டும் சொன்னார். இவருடைய ஒற்றைக் கையும் என் இரண்டு கைகளுமாக அங்கேயே சக்கரத்தைக் கழற்றி டயரை மாற்றினோம். முடியும்வரை அவர் மனைவி எங்களைப் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் கடையில் அச்சுக்குப் பக்கத்தில் ஓர் அலாரம் கடிகாரம் வந்தது. அது அடிக்கும்வரை கடையில் நிற்க முடியாமல் அவர் ரயில்வே ஸ்டேஷன்வரை நடந்துவிட்டு வருவார். ஆனால் அது அடிக்காமல் அச்சைத் தொடமாட்டார்.

மறுவருடப் பந்தயத்தில் பாதி தேய்ந்த டயர், பதினெட்டு பவுண்டு காற்று. மூன்றாவது சுற்றுவரைக்கும் போய், ஒரு சக்கர நீளத்தில் தோற்றார். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "எத்தினி அடி?" என்று கேட்டார். அவர் கிளம்பிய இடத்துக் கறுப்புக் கோட்டின் மேல் டேப்பை நான் அதற்குள் விரித்திருந்தேன்.