அவிழ்க்காத காப்போடு மாமல்லபுரம்

செங்கல்பட்டிலிருந்து பழனிக்கு நடந்தால் சுமார் இருநூற்றைம்பது மைல். நாங்கள் பதினோரு பேர் காவடி எடுத்து, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கிளம்பி, இருபதாம் நாள் மலையடிவாரத்தில் போய் நின்றோம். அந்தப் பயணத்தைப் பற்றிக் கேட்கிறவர்கள் அநேகம். நான் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல, அதற்குப் பிறகு நடந்த பதினெட்டு மைலைப் பற்றி. பழனிக்கு வழி சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போய்விட்டு வந்தவன் தன் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று சொல்லத்தான் ஆளில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட தையற்காரன். எழுத்தில் கோணல் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் கோணல் இல்லை, அதற்கு நான் ஜவாப்தாரி.

திரும்பியது ரயிலில். போகும்போது முதல் நாள் முழுக்க நடந்து, கால் வீங்கிப் போய்ப் படுத்த ஊர் கருங்குழி. அந்தக் கருங்குழி ஜன்னலில் வந்தது, எட்டிப் பார்த்தேன், அரைமணியில் செங்கல்பட்டு வந்துவிட்டது. யாரோ என் பையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு ஓடிவிட்டது போல இருந்தது.

மறுநாளே பிடித்துக்கொண்டது. விடிகாலை நாலு மணிக்குக் கால் தானாக எழுந்துகொள்ளும். போக இடமில்லை. கொளவாய் ஏரிக்கரையில் இருட்டில் போய் நடப்பேன். கரையின் மறுகோடியில் யாராவது செருமினால் அப்படியே திரும்பிவிடுவேன், ஆள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல். சோறு இறங்கவில்லை. கடையில் மிஷினைப் பார்த்தால் துக்கமாக இருந்தது. நாள் முழுக்கக் காலை ஆட்டினாலும் ஒரு அடி நகராத வேலை அல்லவா அது!

இதில் இன்னொரு சிக்கலை நானே உண்டாக்கிக்கொண்டேன். கிளம்பும்போது எங்கள் பூசாரி சிங்காரம் பதினோரு பேர் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு கட்டினார். காப்பு என்பது அதுதான். அது கையில் இருக்கும்வரை செருப்பு இல்லை, சவரம் இல்லை, கவிச்சி இல்லை. ஒரே வேளைச் சோறு, வெறுந்தரையில் படுக்கை. ஊர் திரும்பியதும் இடும்பன் பூசை போட்டு, கட்டினவர் கையாலேயே அவிழ்க்க வேண்டும். பூசையன்று எனக்கு ஜுரம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஜுரமும் இல்லை, ஒன்றும் இல்லை. கயிறு போனால் நடந்ததெல்லாம் போய்விடும் என்று பயம். காப்போடு மிஷினில் உட்காரக் கூடாது என்று நானாக ஒரு சட்டமும் சேர்த்துக்கொண்டேன். இப்படியே பன்னிரண்டு நாள் ஓடியது.

பதின்மூன்றாம் நாள், காலை 4.30. மாமல்லபுரம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி பாக்கியத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சொல்லாதது ஒன்று உண்டு. அங்கிருந்து கடலோரமாகவே தெற்கே இறங்கி ராமேஸ்வரம் போய்விடுவது, அதற்கப்புறம் திரும்புவதா வேண்டாமா என்பதை அங்கே போய் யோசித்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். பாக்கியம் என் மூட்டையைப் பார்த்தாள். நான் தெருக்கோடி தாண்டுவதற்குள் பின்னால் சைக்கிள் மணி கேட்டது. அவள் தம்பி ஏகாம்பரம். அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன், வாய்க்கு வஞ்சனை இல்லாதவன்.

"இன்னா மாமா, மாமல்லபுரத்துக்கு எதுக்கு இம்மாம் பெரிய மூட்ட? சமுத்திரத்துக்குச் சட்ட தெக்கப் போறியா?"

"உன்ன யாரு வரச் சொன்னது?"

"அக்காதான். நீ பாட்டுக்கு நட. நான் பாட்டுக்கு வர்றேன்."

என் நடைக்குச் சைக்கிள் ஓட்டுவது சுலபமில்லை. இரண்டு பர்லாங் முன்னால் போய்ப் புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு நிற்பான். நான் போனதும், "உங்கூட இப்டியே ஓட்டிகினு வந்தா சர்க்கஸ்ல சேந்துக்கலாம்" என்பான். எனக்கோ கவலை. இருட்டில் இவன் பள்ளத்தில் விழுந்தால்? டயர் வெடித்தால்? நாய் துரத்தினால்? ராமேஸ்வரம் போகிறவனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. பொழுது விடிந்தபோது இருபுறமும் அறுப்பு முடிந்த வயல், தாளடிமேல் பனி. பொருக்கு மண் உள்ளங்காலில் குத்தியது. அது சுகமாகத்தான் இருந்தது.

காலை 8.30. ஒன்பது மைல் முடிந்து திருக்கழுக்குன்றம். கடைத்தெருவில் ஒரு பாய் டீக்கடை. டீ ஒரு அணா. டீக்குத் தோஷமில்லை என்று பழனி வழியிலேயே எங்களுக்குள் தீர்மானம் ஆகியிருந்தது. பாய் என் கையைப் பார்த்தார்.

"பழனியா அண்ணாத்த? பூசம் முடிஞ்சி எம்மா நாளாவுது, இன்னும் கைல கீது?"

பூசை தள்ளிப்போய்விட்டது என்று மழுப்பினேன். அவர் விடவில்லை.

"மூஞ்சியப் பாத்தாலே தெரீது. நான் ஒரு தபா நாகூர் கந்தூரிக்கு நடந்து போய்ட்டு வந்தேன். வந்து பத்து நாளு ஒரே பேஜாரு. நாஸ்தா துன்னப் புடிக்கல, யாவாரம் புடிக்கல. வூட்ல காத்து கருப்புன்னு தாயத்து கட்டிட்டாங்க."

"அப்பறம் எப்டி சரியாச்சு?"

"கூட நடந்தவன் ஒருத்தன் மதுராந்தகத்துல இருந்தான். பாக்கப் போனேன். அவனும் அதே மாரி குந்திகினு கீறான்! பகல் பூரா வழியப் பத்தியே பேசினோம். எந்த ஊருல எந்த நாயி கடிக்க வந்துச்சுன்றது வரிக்கும். மறுநாளு கடையத் தொறந்துட்டேன்."

கூட நடந்த பத்துப் பேர் முகத்தையும் பார்க்காமல் பன்னிரண்டு நாள் ஒளிந்திருந்தவன் நான். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன்.

காலை 11.30. மலைமேல். படி ஐந்நூறு சொச்சம். இங்கே தினம் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் சாப்பிட்டுப் போகும். நாற்பது பேர் வெயிலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குப் பார்த்து வராவிட்டால், காப்பு அவிழ்க்காத பாவி ஒருத்தன் கூட்டத்தில் இருக்கிறான் என்றல்லவா ஆகிவிடும்? பத்து நிமிஷம் கழித்து வந்தன. வெள்ளை உடம்பு, மஞ்சள் மூஞ்சி. பண்டாரம் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை அவசரமில்லாமல் கொத்தித் தின்றன, மூக்கைப் பாறையில் தேய்த்தன, போய்விட்டன.

"காசில குளிச்சிட்டு, இங்க துன்னுட்டு, ராமேஸ்வரத்துல படுக்கப் போவுதாம்" என்றான் ஏகாம்பரம். "டெய்லி! திரும்பி வந்ததும் மூஞ்சியத் தூக்கி வச்சிகினு எங்கனா மூலைல குந்துதா பாரு."

ராமேஸ்வரம் என்றதும் திடுக்கிட்டேன். அவன் சும்மாதான் சொன்னான் என்று சமாதானம் செய்துகொண்டேன். கீழே இறங்கி, சாப்பாட்டுக் கடையில் எட்டணாவுக்கு இலை போட்டு அன்றைய ஒரு வேளையை முடித்தேன். பாதிச் சோறு இலையிலேயே நின்றது.

மாலை 4.30. மேலும் ஒன்பது மைல். சவுக்குத் தோப்பும் பனையுமாக வந்து, உப்புக் காற்று அடித்ததும் மாமல்லபுரம். கலங்கரை விளக்கம் தெரிந்தது. சரிவில் ஒரு பெரிய உருண்டைப் பாறை, இதோ உருளப்போகிறேன் என்கிற மாதிரி நிற்கிறது. எத்தனையோ நூறு வருஷமாக நிற்கிறதாம். இருந்தாலும் நான் வரும் நாளைப் பார்த்து உருளாது என்று என்ன நிச்சயம்? கீழ்ப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனேன். ஏகாம்பரம் அதன் நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு, முதுகையும் சாய்த்துக்கொண்டு எனக்கு வக்கணை காட்டினான்.

கடற்கரைக் கோயில் பக்கத்தில் கட்டுமரங்களைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அலை காலைத் தொட்டது. கிழக்கே இனி நடக்க இடமில்லை. மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டேன்.

"ஏகாம்பரம், நீ வூட்டுக்குப் போ. நான் இப்டியே கரையோரமா கொஞ்ச தூரம் போய்ட்டு வர்றேன்."

"எம்மா தூரம்?"

"ராமேஸ்வரம்."

கத்துவான் என்று நினைத்தேன். சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டான். மணலில் அது நிற்காமல் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாராளமா போ மாமா. நடேசன் அண்ணன் அங்க வந்து ஒதைப்பாரு."

நடேசன் எங்களோடு பழனிக்கு நடந்தவர். மாட்டுவண்டி ஓட்டுகிறவர், ஆறடி ஆள்.

"அவரு எதுக்கு என்ன ஒதைக்கணும்?"

"பன்னெண்டு நாளா கருவாடு துன்னாம கீறாரு, அதுக்குத்தான். பூசாரி யாருக்குமே காப்பு அவுக்கல, தெரியுமா? 'பதினொண்ணாக் கட்டினேன், பதினொண்ணாத்தான் அவுப்பேன். ஒருத்தன் ஜுரத்துல கெடக்கறப்போ பத்துப் பேருக்கு அவுத்தா அது இன்னா பூச'ன்னு உடுக்கைய தூக்கி உள்ள வச்சிட்டாரு. பத்துப் பேரும் தாடியும் வெறுங்காலுமா ஊருல சுத்திகினு கீறாங்க. நடேசன் அண்ணன் பொண்டாட்டி உன் வூட்டு வாசலுக்கே சண்டைக்கு வந்துச்சு. அக்காதான் கையப் புடிச்சித் திருப்பி அனுப்பிச்சா."

மணலில் உட்கார்ந்தேன்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கவலப்பட்டே செத்துடுவன்னு அக்கா வேணாம்னா. ஜுரம் இல்லன்றது அவளுக்குத் தெரியாதா? தானா வெளிய வரட்டும்னு பாத்தா. நீ இன்னாடான்னா ராமேஸ்வரம்ன்ற." அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ போனா பத்துப் பேருக்கும் ஆயுசுக்கும் ஒரு வேளச் சோறுதான்."

என் கயிற்றை மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். பத்துக் கையும் சேர்ந்து இழுபட்டுக்கொண்டிருந்தது. வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் ஒரு விசித்திரம்: எனக்குப் பசித்தது. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக நன்றாகப் பசித்தது. அன்றைய சோறுதான் மத்தியானமே முடிந்துபோயிற்றே! பாதியை இலையில் விட்டதற்கு நன்றாக வேண்டும். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சத்திரத்தில் படுத்தேன்.

மறுநாள். கிளம்பியது காலை மூன்றரைக்கு. பழனி வழியில்கூட அப்படி நடந்ததில்லை. திருக்கழுக்குன்றத்தில் பாய்க்குத் தூரத்திலிருந்தே கையைக் காட்டினேன். கழுகுக்காக நிற்கவில்லை. மூட்டை சைக்கிள் கேரியரில் வந்தது. பகல் பதினொன்றரைக்குச் செங்கல்பட்டு. வீட்டுக்குப் போகாமல் நேரே வண்டிப்பேட்டை. நடேசன் தாடியும் மீசையுமாக மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அடித்தால் வாங்கிக்கொள்வது என்ற துணிச்சலோடு போய் நின்றேன்.

"அண்ணாத்த, எனக்கு ஜுரமே வரல. பொய் சொல்லிட்டேன்."

"தெரியும்டா" என்றார், திரும்பாமலே. "ஜுரம் வந்தவன் நாலு மணிக்கு ஏரிக்கரைல நடப்பானா?"

"நீ எங்க பாத்த?"

"நானுந்தான் அங்க நடந்துகினு இருந்தேன். எதிர்க்கோடில. நான் செருமினா நீ திரும்பிப் பூடுவே."

"கூப்ட்டிருக்கலாமே!"

வைக்கோலைக் கீழே போட்டார். அவ்வளவு பெரிய ஆள், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கூப்ட்டா நீ வந்துடுவ. நீ வந்தா பூச வந்துடும். பூச வந்தா அவுத்துடுவாங்க." மணிக்கட்டைத் தடவினார். "என் பொண்டாட்டி காதுல போட்டுடாத. கருவாட்டுக்காக அழுவுறேன்னு நெனச்சிகினு கீறா."

அன்று சாயங்காலம் இடும்பன் பூசை. சிங்காரம் பதினொன்றையும் வரிசையாக அவிழ்த்தார். என்னுடையதுதான் கடைசி. மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது, முடிச்சு மட்டும் இறுகிக் கிடந்தது. ஏரியில் விட்டோம். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுப்பாக இருந்தது, அவ்வளவுதான் மிச்சம். பிறகு எல்லோரும் உட்கார்ந்து வழியைப் பற்றிப் பேசினோம். பதினோரு பேரில் ஏழு பேருக்கு என் வியாதியே. ஒருத்தருக்கும் இன்னொருத்தருக்கு இருப்பது தெரியாது. அங்கேயே ஒரு ஏற்பாடு செய்தோம்: மாதா மாதம் கிருத்திகைக்குத் திருக்கழுக்குன்றம் வரை ஒன்பது மைல் நடை, திரும்புவது பஸ்ஸில். இதுவரை ஒரு கிருத்திகையும் தவறவில்லை.

நடந்துவிட்டு வந்து மனசு விழுந்து கிடப்பவர்களுக்கு நான் தைரியமாகச் சொல்வது இதுதான். அது பைத்தியம் இல்லை, காத்து கருப்பும் இல்லை. கூட நடந்தவன் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அவனும் உள்ளே அப்படித்தான் உட்கார்ந்திருப்பான்.

பூசைக்கு மறுநாளும் நாலு மணிக்குக் கால் எழுந்துகொண்டது. எட்டு மணிக்குக் கடை திறக்க வேண்டும், ஒரு கல்யாண வீட்டு ரவிக்கைகள் பதினான்கு காத்திருந்தன. நேரம் இருந்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். மறுகோடியில் யாரோ செருமினார்கள். நான் திரும்பவில்லை. பக்கத்தில் போகப் போகக் கருவாட்டு வாசனை அடித்தது.