திறக்காத ஜன்னல்

தொண்ணூறுகளில், மைசூரில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, மின்சாரத்தைச் சேமிக்கும் வீடு ஒன்றைக் கட்டினேன். படித்தவன் என்பதால் அந்த முட்டாள்தனத்துக்குக் காரணங்களும் வைத்திருந்தேன்.

இஞ்சினீயர் வெளிநாட்டில் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்தவர். கூரைக்கடியில் தெர்மோகோல், ஜன்னல்களில் திறக்கவே முடியாத இரட்டைக் கண்ணாடி. "ஏ.சி. போட்டா குளிர் துளிகூட வெளியே போகாது சார். கரண்ட் எவ்வளவு மிச்சம் பாருங்க!"

பழைய வீட்டில் சித்திரையில்கூட ஃபேனை நினைத்தால்தான் போடுவோம். வாங்காத ஏ.சி.யின் மின்சாரத்தை மிச்சப்படுத்த, ஏரி மண்ணை வெட்டி விறகை எரித்துச் சுட்ட செங்கல் லாரி லாரியாக வந்து இறங்கியது. இடித்த சுவர் போய் அதே ஏரிக்கரையில் விழுந்தது. தேக்கு ஜன்னல்களை மண்டி மொஹல்லா பக்கம் பழைய மரச்சாமான் வாங்கி விற்கும் மரக்கடைக்குத் தள்ளிவிட்டேன். இஞ்சினீயர் கணக்கில் இதெல்லாம் கிடையாது. மீட்டர் ஓடத் தொடங்கும் நாளில்தான் வீடு பிறக்கிறதாம்.

கிரகப்பிரவேசத்தன்று காலை கூடத்தில் கணபதி ஹோமம். இப்படி அடைத்த வீட்டுக்குள் சமித்தும் நெய்யும் போட்டு எரிக்கலாமா என்று எங்களில் எந்த மேதைக்கும் தோன்றவில்லை. குளிரே வெளியேறாத வீட்டில் புகை எங்கே போகும்? வாசலோரம் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கினார்கள். உள்ளறையில் இருமல் கேட்டது. எட்டு வயது மகள், மூச்சிழுப்பு உள்ளவள், பாவாடை மாற்றப் போயிருந்தாள். நான் ஓடியபோது அவள் உதடு நீலமாகியிருந்தது. 'அப்பா' என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

வெளியே தூக்கிப்போகக் கூடத்தைத் தாண்ட வேண்டும், புகையே அங்கேதான். அறையில் வைத்திருந்த சீர்த்தட்டிலிருந்து தேங்காயை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் அடித்தேன். நாலாவது அடியில் கண்ணாடியின் இரண்டு அடுக்கும் உடைந்தன. அவள் முகத்தை ஓட்டையருகே பிடித்தேன்.

"ஐயோ சார், பெங்களூர்ல இருந்து வரவழைச்ச கண்ணாடி!" இஞ்சினீயர் பதறினார்.

"கரண்ட்டை மிச்சம் பண்ண வந்தவரு எங்க பொண்ணு மூச்சையே மிச்சம் பண்ணப் பாத்தாரு. கண்ணாடிக்கு அழறாரு!" என்றாள் மனைவி.

மகள் ஆஸ்பத்திரியில் பிழைத்தாள்.

மறுநாளே மரக்கடைக்குப் போனேன். என் ஜன்னல்கள் சுவரில் சாய்ந்திருந்தன.

"என்ன சார், இந்தப் பக்கம்?"

"ஜன்னல் திரும்ப வேணும்."

"இது திறக்கிற ஜன்னலாச்சே சார். உங்க புது வீட்டுக்கு ஆகாதுன்னீங்களே!"

பணத்தைக் கொடுத்து ஒன்றைத் தூக்கி வந்தேன். மகள் அறையில் பொருத்தியாயிற்று. இன்றும் தினமும் ஒருமுறை போய், அது திறக்கிறதா என்று தள்ளிப் பார்க்கிறேன்.