தாமதத்துக்குக் காரணம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் பெண்கள் விடுதியின் கேட்டை இரவு எட்டரைக்குப் பூட்டிவிடுவார்கள். திறந்தவெளி அரங்கில் கச்சேரி சூடு பிடிப்பதே ஒன்பதுக்குத்தான். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது. அவர்கள் கச்சேரி முடிந்து, பீச் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டு ஆற அமர வருவார்கள். தாமதமாக வரும் பெண்கள் மட்டும் ஒரு நோட்டில் காரணம் எழுத வேண்டும். எல்லோரும் ‘நூலகம்’ என்றுதான் எழுதுவோம். நூலகத்தை எட்டு மணிக்கே மூடிவிடுவார்கள் என்பது வார்டனுக்கும் தெரியும்.

அன்று நான், ‘கச்சேரி. கடைசிப் பாட்டு வரை ஆடினேன்’ என்று எழுதினேன்.

வார்டன் படித்துவிட்டுப் போனை எடுத்தார். “இரு, உங்க அம்மாகிட்டயே பேசறேன்.”

“இப்ப வேணாம் மேடம், தூங்குவாங்க. விடிகாலை மூணு மணிக்கு உப்பளத்துக்குப் போகணும்.”

“மூணு மணிக்கா? அந்த இருட்டுலயா?”

“ஆமாங்க. வெயில் ஏறிட்டா உப்புப் பாத்தியில நிக்க முடியாது. எங்க மரக்காணத்துல பொம்பளைங்க அந்த நேரத்துலதான் கெளம்பிப் போறாங்க. உப்பு சுமக்கப் போனா இருட்டு ஒண்ணும் பண்ணாது, பாட்டு கேக்கப் போனா மட்டும் தூக்கிட்டுப் போயிடுமா?”

வார்டன் போனை மேசையில் வைத்தார். “சரி, அதை அடிச்சிட்டு நூலகம்னு எழுது.”

“மாட்டேன்” என்றேன்.

எனக்குப் பின்னால் நின்றவள் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். என் வரிக்குக் கீழே தன் பெயரை எழுதி, காரணத்துக்கு நேராக ‘மேற்படி’ என்று எழுதினாள். அவளுக்குப் பின்னால் நின்றவளும் எழுதினாள்.