பஸ்ஸில் போன ரத்தம்

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பரிசோதனை நிலையம் என்று பலகையில்தான் இருந்தது. அங்கே ரத்தம் எடுப்பதோடு சரி. சோதிக்கிற இயந்திரங்கள் திருநெல்வேலியில். காலை ஏழு மணிக்கு நான் எடுத்த ரத்தம் மத்தியானம் பஸ்ஸேறி, சோதனைக்குப் போகும்போது மூன்று மணி தாண்டிவிடும்.

எடுத்த கொஞ்ச நேரத்தில் ரத்தத்தைச் சுழற்றி, தெளிந்த நீரைப் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் குழாய்க்குள் இருக்கிற அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அந்தச் சித்திரையில் எங்கள் சுழற்றும் இயந்திரம் கெட்டுப்போனது. சர்க்கரை குறையாமல் காக்கிற மருந்துக் குழாய்களும் தீர்ந்திருந்தன. முதலாளி இரண்டையும் கண்டுகொள்ளவில்லை.

வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு அக்கா சர்க்கரை பார்க்க மாதாமாதம் வருவார். அன்றைக்குக் கால்விரலில் துணி சுற்றியிருந்தார்.

"புண்ணு ஆறவே மாட்டேங்கு தாயி."

சந்தேகப்பட்டு, விரலில் குத்திச் சின்னக் கருவியில் சர்க்கரையைப் பார்த்தேன். இருநூற்று அறுபது. அப்போதே குழாயில் எடுத்த ரத்தத்துக்குச் சாயங்காலம் திருநெல்வேலியிலிருந்து வந்த அறிக்கையில் நூற்று நாற்பது. முதலாளிக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, இன்னொரு தடவை எடுத்து உடனே அனுப்புவோமா?"

"விரல்ல குத்துததெல்லாம் ஒரு கணக்கா? பெரிய மெஷின்ல வந்ததுதான் சரி. பேசாம குடுத்துரு."

கொடுத்துவிட்டேன். டாக்டர் அதைப் பார்த்து, பழைய மாத்திரையே போதும் என்று சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு மாதமும் இதே கதைதான். இயந்திரம் மூலையில் கிடந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஆடியில் அந்த அக்காவின் இரண்டு விரல்களைப் பெரிய ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அங்கே சர்க்கரை முந்நூறுக்கு மேல். அவருடைய வீட்டுக்காரர் பழைய அறிக்கைகளோடு எங்களிடம் வந்தார்.

"இதுல நல்லாத்தான இருக்கு, பெறகு எப்படி?"

அன்றைக்கு முதலாளியும் இருந்தார். "சாப்பாட்டுல வாயக் கட்டிருக்க மாட்டாவ," என்றார். வந்தவர் தலையாட்டினார். "தோட்டத்துல பழத்தத் தின்னுருப்பா. நெனச்சேன்."

நான் ஊசிகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

பத்து நாள் கழித்து வேலையை விட்டேன். அதற்குப் பிறகுதான் அந்த அக்கா வீட்டுக்குப் போக முடிந்தது. கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு பழம் தொடல தாயி நான். ஊரே என்னயத் தின்னின்னு ஏசுது. இத அவுககிட்டச் சொல்லிட்டுப் போ."

வீட்டுக்காரர் வரும்வரை காத்திருந்து, மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அன்னைக்கு நான் வந்து கேட்டப்போ நீயும் அங்கனதான நின்ன?"

"ஆமா" என்றேன்.